புளியங்கொட்டையும் திருக்குடும்பமும்

(திருக்குடும்ப விழா ஞாயிறு, 27.12.2020 அன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று திருக்குடும்ப விழா. 'குடும்பமாகச் சேர்ந்திருங்கள்' என்று குருக்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் சொல்லும் நாள். இந்த ஆண்டு அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மார்ச் 25 முதல் நீங்கள் சேர்ந்தேதான் இருக்கிறீர்கள். பள்ளிகள் இன்னும் திறக்கவில்லை. புத்தாண்டு இரவில் கடற்கரையில் கூடவும் அரசு தடை விதித்திருக்கிறது. "ஒன்பது மாதமா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துட்டுத்தான் இருக்கோம், இன்னும் என்ன ஃபாதர் சேர்ந்திருக்கிறது?" என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி.

ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது, பூட்டிய கோவிலுக்குள் கைப்பேசி முன் நின்று ஒரு மறையுரை ஆற்றினேன். இந்த நாள்கள் குடும்பத்துக்கு இறைவன் தந்த கொடை என்றேன். அன்று மாலை ஒருவர் அழைத்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். "ஃபாதர், ஒரே ரூம், ஒரே ஃபோன். பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ், பையனுக்கு கேம். கம்பெனியில இருந்து கூப்பிடுவாங்களான்னு நான் அதையே பார்த்துட்டு இருக்கேன். நேத்து பையனை அடிச்சிட்டேன். இந்தக் கொடையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 'செபிக்கிறேன்' என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதில் அவர் வீட்டிலிருந்தே வந்தது. அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன்.

நவம்பர் 25. நிவர் புயல் இரவு. அன்று பகலில்தான் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்திருந்தார்கள். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. நம் பகுதி முழுவதும் அச்சம். மின்சாரம் போயிற்று. சற்று நேரத்தில் அந்த ஒரே ஃபோனும் அணைந்தது. பிள்ளைகள் அழத் தயாராக இருந்தபோது, அவருடைய வயதான தாயார் சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் 14 வட்டம் போட்டார். பக்கத்துக்கு ஏழு. வட்டத்துக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டைகளை எண்ணி வைத்தார். 'வாங்கடா, பல்லாங்குழி ஆடலாம்' என்றார்.

பேரன் வேகமாகக் கற்றுக்கொண்டான். அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அப்பாவின் பக்கம் காலியாகிக்கொண்டே வந்தது. மிகக் குறைந்த முத்துகளே மிஞ்சினால், வட்டத்துக்கு ஒன்றாக வைத்து ஆட்டத்தைத் தொடரலாம். அதற்குக் 'கஞ்சி காய்ச்சுவது' என்று பெயர் என்றார் ஆயா. உடனே பையன் கைதட்டி, "அப்பா கஞ்சி காய்ச்சுறாரு!" என்று கத்தினான்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லாரும் பேச்சற்றுப் போனார்கள். ஆறு மாதம் சம்பளமில்லாத மனிதரின் வீடு அது. அந்த வீட்டில் உண்மையாகவே கஞ்சிதான் காய்ச்சியிருக்கிறார்கள். பையன் சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். அந்த மனிதர் ஒரு நொடி சும்மா இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஆமாடா, கஞ்சிதான். உனக்கும் ஒரு டம்ளர் ஊத்தட்டுமா?" என்றார். "அன்னிக்குத்தான் ஃபாதர் என் மேலே இருந்த வெட்கம் இறங்குச்சு" என்று என்னிடம் சொன்னார்.

அன்புக்குரியவர்களே, மூன்று நாள்களுக்கு முன், டிசம்பர் 24 அன்று, பேராசிரியர் தொ. பரமசிவன் மறைந்தார். தமிழ் மக்களின் அன்றாட வழக்கங்களை ஆராய்ந்த பெருமகனார். பல்லாங்குழி பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இருவரும் சமமாகத் தொடங்குகிற ஆட்டம், ஒருவரிடம் குவிந்து, மற்றவர் வெறுங்கையாக நிற்பதில் முடிகிறது. உடைமையில் ஏற்றத்தாழ்வு பிறந்த கதை இதில் தெரிகிறது என்பது அவர் பார்வை. இந்த ஆண்டு நாம் கண்கூடாகக் கண்டதும் அதைத்தானே?

ஆனால் வீட்டுத் திண்ணையில் அந்த ஆட்டத்துக்கு இன்னொரு முடிவும் உண்டு. வென்றவர் முத்துகளை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. எல்லாவற்றையும் மறுபடி தரையில் கொட்டி, ஐந்தைந்தாக எண்ணி வைத்து, 'இன்னொரு ஆட்டம்' என்கிறோம். லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் சொல்லும் யூபிலி ஆண்டு எனக்கு நினைவுக்கு வருகிறது. 50ஆம் ஆண்டில் நிலத்தை இழந்தவர் தம் நிலத்துக்குத் திரும்புவார். அடிமையானவர் தம் குடும்பத்துக்குத் திரும்புவார். தோற்றவரைத் தோற்றவராகவே விட்டுவிடாத இடம்தான் குடும்பம். வேலை இழந்த தந்தைக்கும், மதிப்பெண் இழந்த பிள்ளைக்கும் மறுபடி ஐந்து முத்து எண்ணி வைக்கிற இடம் அது.

விளையாட்டைப் பற்றி மறையுரையா என்று நினைக்க வேண்டாம். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலாகிய 'சும்மா'வில் இதைப் பேசுகிறார். 'சும்மா இருப்பதற்கும் சும்மாவில் இடமுண்டு' என்று குருமடத்தில் நாங்கள் சிரித்ததுண்டு. அவர் ஒரு பழங்கதை சொல்கிறார். புனித யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவரிடம், அம்பு விடச் சொன்னார் யோவான். பல முறை விட்ட பிறகு, 'ஓயாமல் இப்படியே விட முடியுமா?' என்று கேட்டார். 'வில் முறிந்துவிடும்' என்றார் அவர். மனித மனமும் அப்படித்தான் என்றார் யோவான். நேயர்களே, ஒன்பது மாதம் நாணேற்றியே வைத்திருக்கும் வில்கள் நம் வீடுகளில் எத்தனை!

இன்றைய நற்செய்தியில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்துகிறார் சிமியோன். 84 வயது அன்னாவும் அருகில் வருகிறார். ஏழைகளின் காணிக்கையோடு வந்த அந்த இளம் குடும்பத்தை வரவேற்றது முதியவர்கள்தான். இறைவாக்கினர் செக்கரியா மீட்புப் பெற்ற எருசலேமை எப்படிக் காண்கிறார் தெரியுமா? கோலூன்றிய முதியவர்கள் தெருவில் அமர்ந்திருக்க, சிறுவரும் சிறுமியரும் அங்கே விளையாடுவார்கள். தெரு நமக்கு மறுபடி முழுமையாகக் கிடைக்கும்வரை, நம் கூடம் அந்தத் தெருவாக இருக்கட்டும்.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். ஒன்று, மாலைச் செபத்துக்குப் பின் ஒரு மணி நேரம் ஃபோனை அலமாரியில் வையுங்கள். தாயமோ பல்லாங்குழியோ, வீட்டுப் பெரியவர் சொல்லித் தரட்டும். இரண்டு, ஆட்டத்துக்கு முன் பாத்திரங்களை எல்லாரும் சேர்ந்து கழுவுங்கள். அம்மா அடுப்படியில் நிற்க மற்றவர்கள் சிரிப்பது குடும்ப மகிழ்ச்சி ஆகாது. மூன்று, இந்த நோயால் ஒருவரை இழந்த வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். ஆட்டத்துக்குக் கூப்பிட முடியாவிட்டாலும், அவர்களை அழைத்துப் பேசுங்கள். மரியாவின் நெஞ்சை வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொன்னதும் இதே நற்செய்தியில்தான். அந்த வலி திருக்குடும்பத்துக்குத் தெரியும்.

இம்மாதம் 8ஆம் நாள் தொடங்கியிருக்கும் புனித யோசேப்பு ஆண்டில், உழைப்பாளியான அந்தத் தந்தை வேலையின்றித் தவிக்கும் நம் தந்தையருக்காகப் பரிந்து பேசுவாராக. நாசரேத்து வீட்டில் ஒலித்த சிரிப்பு நம் வீடுகளிலும் ஒலிக்க, எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.