மூன்றுக்கு ஒன்று வராவிட்டால்...



நம்ம ஜலகண்டாபுரத்தில் பாவு ஓட்டுகிறவர் இழை குறைந்தால் குறைந்தது என்றுதான் சொல்வார். கணக்கை மாற்றிச் சொன்னால் துணியே காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வுக்கூடத்திலும் அந்த நேர்மை வேண்டும். மெண்டல் விதிக்காக மணி எண்ணும் செய்முறையில், 3:1 வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு, எண்ணாமலே ரெக்கார்டு நோட்டில் 75, 25 என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு.

அதற்கு அவசியமே இல்லை. கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கை-வர்க்கச் சோதனை இருக்கிறது. மெண்டல் எண்ணிய பட்டாணி விதைகள் 7324. உருண்டை 5474, சுருங்கியவை 1850. சரியாக 3:1 என்றால் 5493, 1831 வரவேண்டும். வித்தியாசம் 19. அதன் வர்க்கத்தை எதிர்பார்த்த ஒவ்வொரு எண்ணாலும் வகுத்துக் கூட்டினால் 0.26. இரண்டே வகை இருக்கும்போது அட்டவணையில் 5 சதவீத எல்லை 3.84. அதற்குள் இருப்பதால், இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான். விதி நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை; விதியோடு முரண்படவில்லை, அவ்வளவுதான்.

சரி, 400 விதையில் 270, 130 வந்தால்? விடை 12. எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே எண்ணை அழித்துத் திருத்தாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். மஞ்சள் நிற எலிகளைக் கலந்தபோது 3:1 வராததை 1905-இல் கேனோ என்ற பிரெஞ்சு அறிஞர் மறைக்கவில்லை. 1910-இல் காசிலும் லிட்டிலும் நிறைய குட்டிகளை எண்ணி, விகிதம் 2:1 என்று காட்டினார்கள். இரு பெற்றோரிடமிருந்தும் மஞ்சள் மரபணு பெற்ற கருக்கள் பிறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன! கொல்லி மரபணு என்று நாம் படிப்பது இதைத்தான். அன்றைக்கு எண்ணைத் 'திருத்தியிருந்தால்' இந்த உண்மை நமக்குக் கிடைத்திருக்குமா?

ரொம்பப் பொருந்தி வந்தாலும் சந்தேகம் வரும். மெண்டலின் சோதனைகளை மொத்தமாகக் கணக்கிட்ட பிஷர், இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வருவது மிக அரிது என்று 1936-இல் எழுதினார். எதிர்பார்ப்பை அறிந்த உதவியாளர் யாரோ மாற்றியிருக்கலாம் என்பது அவர் ஊகம். விவாதம் நெடுநாள் நடந்தது. ஆனால் பலர் திரும்ப எண்ணிப் பார்த்ததில் மெண்டல் விதி நிலைத்தது.

ஆகவே தம்பி தங்கைகளே, வந்ததை வந்தபடி எழுதுங்கள். சரியா தப்பா என்பதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எழுதும்போதே மாற்றிவிட்டால் எந்தச் சோதனையாலும் காப்பாற்ற முடியாது.