இழையின் உண்மை அறிவோம்

(ஆண்டு விழாவில் மகளிர் பிரிவின் சார்பில் நிகழ்த்திய உரை)

பருத்தியையும் பட்டையும் தொட்டே அறியும் பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. கம்பளியோ, டில்லிக் குளிருக்கு வந்த பின்னரே நமக்கு உறவாயிற்று. அந்த அறியாமைக்கு எங்கள் இல்லம் ஒருமுறை விலை கொடுத்தது. வாசலில் வந்த வணிகர் ஒருவர் ‘பஷ்மினா’ என்று சொல்லி விற்ற சால்வையை, ஊரிலிருந்து வந்திருந்த அன்னையாருக்குப் போர்த்தி மகிழ்ந்தோம். கணப்பருகே அவர் அமர்ந்திருந்தபோது தீப்பொறி ஒன்று தெறித்தது. கம்பளியாயின் கருகி அடங்கியிருக்கும். அதுவோ உருகி அவர் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அந்த வடு இன்றும் மறையவில்லை.

அன்று முதல் நாங்கள் கைக்கொண்டுள்ள சோதனை முறையைக் கூற விழைகிறோம்.

துணியின் உள்மடிப்பிலிருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் உருவிக்கொள்ளுங்கள். பாவு ஓர் இழையாகவும் ஊடை வேறோர் இழையாகவும் நெய்வதுண்டு. ஆதலால் இரண்டையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். கிண்ணத்தில் நீரை அருகே வைத்து, குழந்தைகளை விலக்கி, நூலை இடுக்கியால் பற்றிச் சுடரின் ஓரத்தில் காட்டுங்கள்.

பருத்தி விரைந்து எரியும், காகிதம் எரியும் மணம் வீசும், சாம்பல் மென்மையாயிருக்கும். பட்டும் கம்பளியும் சுடரைவிட்டுச் சுருங்கும், மெல்ல எரியும், சுடரை அகற்றினால் பெரும்பாலும் அணைந்துவிடும். மயிர் கருகும் நாற்றம் எழும். எஞ்சும் கரி விரலில் நசுக்கினால் பொடியாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிச் சொட்டும். ஆறியபின் நசுங்காத மணியாக இறுகும். கம்பளிபோல் தோன்றும் அக்ரிலிக்கும் உருகி எரிந்து, கறுத்த கட்டியாக இறுகும்.

ரேயான் மட்டும் பருத்திபோலவே எரியும். பட்டென்று வாங்கிய புடவையின் நூல் காகித மணம் வீசினால், அது பட்டன்று. ரேயான் நூலை நனைத்து இழுத்தால் எளிதில் அறும். பருத்தி நனைந்தால் வலுப்பெறும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. கலப்பு நூலில் எது எத்தனை பங்கு என்று இது சொல்லாது. மயிர் நாற்றம் கம்பளி என்று காட்டுமேயன்றிப் பஷ்மினா என்று காட்டாது. பட்டு வாங்குவோர், மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-ல் தொடங்கிய ‘சில்க் மார்க்’ முத்திரையையும் பார்த்து வாங்குவது நன்று.

தாய்மார்களே! அடுப்பருகே நிற்கையிலும், தீபாவளியன்று பிள்ளைகள் கையில் மத்தாப்பைக் கொடுக்கையிலும், உடுத்தியிருப்பது என்ன என்று ஒருகணம் எண்ணுங்கள். பருத்தியும் தீப்பற்றும், ஆதலின் கவனம் எப்போதும் வேண்டும். ஆயினும் உருகும் ஆடை தோலோடு ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்கும்.

ஏமாந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். அன்னையின் கையிலுள்ள வடுவை எங்களால் அழிக்க இயலவில்லை. ஒரு சாண் நூலும் ஒரு சுடரும் அதனைத் தடுத்திருக்கும். அது உங்கள் இல்லங்களில் நேராதிருக்கவே இதனைக் கூறினோம்.