திருக்கோணமலை டொக்யாட்

ஒரு தொழில் மறைந்த பின்னரும் அதன் பெயர் ஊரை விட்டு நீங்காதிருப்பது உண்டு. சென்னை மாநகருக்குத் தெற்கே குரோம்பேட்டை என வழங்கும் ஊருக்கு அப்பெயரை ஈந்தது ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையே. மரப்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்ட பழைய முறையை விடுத்து, குரோமிய உப்பினாற் பதனிடும் புதுமுறையை மேற்கொண்ட கம்பனி அது. ஆலை மறைந்துவிட்டது, பெயர் மட்டும் புகையிரத நிலையப் பலகையில் நிற்கிறது. இலங்கையின் கீழ்க்கரையிலும் இதனையொத்த பெயர் ஒன்று உண்டு. அது திருக்கோணமலை நகரத்து டொக்யாட் வீதி. அவ்வழியே கடற்படைத் தளம் இன்றும் இருக்கிறது. ஆனால், ஊர்க் குடிமக்கள் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் வேலைக்குச் சென்று வந்த பழைய பட்டறைத் தொகுதி, அவர்கள் வாழ்விலிருந்து அகன்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அப்பட்டறைகள் அங்கே தோன்றியதற்குக் காரணம் காற்று. வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் சோழமண்டலக் கரையிற் பாய்மரக் கப்பல்கள் நிற்றல் இயலாது. சென்னைப் பட்டினத்திற்கு அந்நாளில் துறைமுகமே இல்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் புயலுக்கு இரையாயின. வங்கக் கடலில் எக்காலத்தும் ஒதுங்கி நிற்பதற்கேற்ற ஆழமான உட்துறை திருக்கோணமலையிலேதான் இருந்தது. அதனாலன்றோ 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரேன் அதனைக் கைப்பற்றினார். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்று 1817இல் கடலில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு இத்துறைமுகத்தின் பெயரையே இட்டனர். அக்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிற் பேணப்பட்டு வருகிறது.

வெப்பக் கடலில் ஓடும் கப்பலின் அடிப்புறத்திற் பாசியும் சிப்பியும் விரைந்து பற்றிக்கொள்ளும். அவற்றைச் சுரண்டாவிடிற் கப்பலின் வேகம் குன்றும். மரக்கப்பலாயின் புழுவும் துளைக்கும். பழங்காலத்திற் கப்பலை ஒருபுறம் சாய்த்துக் கட்டி அடியைத் துப்புரவாக்கினர். பின்னர் இரும்புக் கப்பல் வந்தது, கொதிகலன் வந்தது, நிலக்கரி வந்தது. தச்சரோடு கொல்லரும், பாய் தைப்போரோடு நிலக்கரி சுமப்போரும், சங்கிலி செப்பனிடுவோரும், வர்ணம் பூசுவோரும் கூடினர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாள நாட்டிலிருந்து வந்தோரும் அத்தொழில்களிற் கலந்து நின்றனர். ஊர்க் கடைகளின் வியாபாரம் அவர்களது சம்பள நாளையே நம்பியிருந்தது.

இத்தொழிலுக்கு முதல் அடி 1905இல் விழுந்தது. அப்போது பிரித்தானியக் கடற்படையின் தலைமையில் இருந்த அட்மிரல் பிஷர், செலவைக் குறைக்கவும், கப்பல்களைத் தாயகத்துக்கு அண்மையிற் சேர்க்கவும் எண்ணி, வெளிநாட்டுப் பட்டறைகள் பலவற்றை மூடினார். ஹலிபக்ஸ், யமெய்க்கா ஆகியவற்றோடு திருக்கோணமலையும் அப்பட்டியலில் அடங்கியது. வணிகத் துறைமுகமாக மாறிப் பிழைக்கவும் இவ்வூருக்கு வழியில்லை. 1875இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவரின் பயனாகக் கொழும்பு பெருந்துறைமுகமாகிவிட்டது. மலைநாட்டுத் தேயிலை முழுவதும் அங்கேயே இறங்கிற்று. திருக்கோணமலைக்குப் பின்னே இருந்தது காடு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்று புகழப்படும் துறை, ஏற்றுவதற்குச் சரக்கின்றி வெறிச்சோடியது. புகழ்மொழி வயிற்றை நிரப்புவதில்லை.

மீண்டும் வேலை வந்தது எண்ணெயினால். கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெயை எரிக்கத் தொடங்கவே, கீழ்த்திசைக் கடற்படைக்குப் பெருஞ்சேமிப்பு வேண்டியதாயிற்று. 1920களிலும் 1930களிலும் சீனக்குடாவை அடுத்த காட்டை வெட்டி 101 எண்ணெய்த் தாங்கிகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். கல்லோயாச் சந்தியிலிருந்து வரும் புகையிரதப் பாதையும் 1920களிலேயே இத்துறையை எட்டியது.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும், போர் இவ்வூர் வாசலுக்கு வந்தது. ஏப்பிரல் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றின் மீது மோத, அத்தீ பல நாள் எரிந்தது. அவ்விமானத்தில் வந்த மூவரின் பெயர்களையும் போர் வரலாற்றுக் குறிப்புகள் கவனமாகப் பதிந்து வைத்திருக்கின்றன. அத்தாங்கியின் தகடுகளைப் பொருத்திய கூலியாட்களைப் பற்றி அக்குறிப்புகளில் ஒரு சொல்லும் இல்லை. துறையினுள் நின்ற சகாயிங் என்னும் கப்பலும் அன்று தீப்பற்றியது. அதன் எஞ்சிய உடலை அடுத்த ஆண்டில் ஓரிடத்தில் அமிழ்த்தி, அதன் மீது இறங்குதுறை அமைத்துக் கொண்டனர்.

1944இற் கீழ்த்திசைக் கடற்படை முழு வலிமையோடு இங்கே திரும்பியபோது, பட்டறைகளின் வேலை உச்சத்தை அடைந்தது. பெருங்கப்பலின் அடியைச் செப்பனிடுவதற்குரிய உலர்துறை திருக்கோணமலையிற் கட்டப்படவேயில்லை. அக்குறையைப் போக்கப் பம்பாயிற் கட்டிய மிதக்கும் உலர்துறை ஒன்றை இழுத்து வந்தனர். அதன் வேலைமுறை எளிதே: அதனுள் உள்ள அறைகளில் நீரை நிரப்பினால் அது தாழும், கப்பல் உள்ளே நுழையும், பின் நீரை இறைத்தாற் கப்பலையும் தூக்கிக்கொண்டு அது மேலெழும். எந்த அறையில் எவ்வளவு நீர் என்னும் கணக்கிலேதான் முழு நுட்பமும் இருக்கிறது. 1944 ஓகஸ்ட் 8ஆம் நாள் வலியன்ற் என்னும் பெரும் போர்க்கப்பல் அதன்மேல் இருந்தபோது அக்கணக்குத் தவறியது. கப்பலின் பாரம் நடுவிலும், நீரின் பாரம் இருமுனைகளிலும் அமுக்க, உலர்துறையின் முதுகு முறிந்து அது மூழ்கியது. வலியன்ற் தப்பியது, ஆயினும் அதன் சுக்கானும் உந்துவிசிறிகளும் சேதமுற்றன. எதிரியின் குண்டு ஒன்றுகூட விழாத நாளில் இத்துறைமுகம் கண்ட பேரிழப்பு இது.

போர் முடிந்தது, 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. முந்திய ஆண்டிற் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின்படி தளம் மட்டும் பிரித்தானியர் கையிலேயே இருந்தது. 1956இற் பதவியேற்ற பண்டாரநாயக்கா அரசு தளங்களை மீட்பதென்று உறுதி பூண்டது. அவ்வாண்டே மூண்ட சூயஸ் போர், பிறர் போருக்குத் தன் மண் துணைபோகலாகாது என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது. 1957 ஒக்டோபரிற் றோயல் கடற்படை தன் கொடியை இறக்கித் தளத்தை ஒப்படைத்தது.

நாட்டிற்கு அது வெற்றி என்பதில் ஐயமில்லை. தன் துறைமுகத்திற் பிறர் கொடி பறப்பதை எந்தச் சுதந்திர நாடு பொறுக்கும்? ஆனால் அதே நாள் திருக்கோணமலைத் தொழிலாளி வீட்டில் வேறொரு கேள்வியும் எழுந்தது. கடற்படைக்கு உழைத்த கைகளுக்கு இனி வேலை தருவார் யார்? 1950இல் உருவான இலங்கைக் கடற்படை சிறியது. பேரரசின் கப்பற் கூட்டத்திற்கென அமைந்த பட்டறைகளை அது நிரப்புவது எங்ஙனம்? மாற்றுத் தொழில் கண்டவர் சிலர்; ஊரை விட்டுச் சென்றவர் சிலர்; மலையாள நாட்டவர் பலர் தம் ஊர் திரும்பினர். உரிமையை மீட்டதில் ஒரு தவறும் இல்லை. மீட்ட உரிமையோடு அவ்வூருக்கு ஒரு தொழிலையும் சேர்த்துத் தர ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்ததே குறை. சீனக்குடாவிற் பிறிமா மாவாலை 1980இலேதான் இயங்கத் தொடங்கியது. சீமெந்துத் தொழிற்சாலை அதன் பின் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் கைத்திறன் முதுமையெய்திவிட்டது. அடுத்து வந்த நெடும்போர் துறைமுகச் சூழலையே காவலரணாக்கியது.

எண்ணெய்த் தாங்கிகளின் கதையும் ஏறத்தாழ அதுவே. போரில் ஒன்றும் பிற்காலத்தில் இன்னொன்றும் அழிய, 99 எஞ்சின. அவற்றுட் பெரும்பகுதி காட்டினிடையே வெறுமையாக நின்றது. 1987 யூலையில் இந்திய இலங்கைத் தலைவர்கள் பரிமாறிய கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2003இல் ஒரு குத்தகை. 2022 சனவரியில் ஒரு புதிய உடன்பாடு. அதன்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 தாங்கிகள் இவ்விரண்டும் சேர்ந்தமைத்த கம்பனிக்கும் என வகுக்கப்பட்டன. இலண்டனில் எழுதப்பட்டவை பின்னர்க் கொழும்பிலும் டில்லியிலும் எழுதப்படுகின்றன.

சகாயிங் கப்பலின் மேல் அமைந்த இறங்குதுறையும் காலப்போக்கில் அழிந்தது. நீருள் எழுபத்தைந்து ஆண்டுக் காலம் கிடந்த அதன் உடலை இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் பல மாதம் உழைத்து, ஓட்டைகளை அடைத்து, உட்புகுந்த நீரை இறைத்து, 2018 மார்ச்சில் மேலே மிதக்கச் செய்தனர். முறிந்த உலர்துறையின் இரும்போ இன்னும் ஆழத்திலேயே கிடக்கிறது.