சிவப்பு ஏன் முதல்ல டல்லாகுது?

கோடம்பாக்கத்துல குறும்படம் எடுக்கிற நண்பர்கள்கிட்ட அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "முதல் டேக்ல முகம் நல்லா இருந்துச்சு, அரை மணி நேரத்துல நீலம் பாரிச்சுப் போச்சு." உடனே கேமரா மேல பழி. பெரும்பாலும் குற்றவாளி, வாடகைக்கு எடுத்த மலிவான ஆர்ஜிபி லைட்டுதான்.

வெள்ளையா தெரியுற அந்த வெளிச்சம் சிவப்பு, பச்சை, நீலம் மூணும் கலந்தது. சூடு ஏறினா மூணும் ஒரே அளவுல குறையாது. எல்இடி சில்லோட உள்வெப்பம் 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனா, நீலம் கொஞ்சம்தான் குறையும், பச்சை அதைவிடக் கூட. சிவப்பு கிட்டத்தட்ட பாதியாகிடும். ஆம்பர் இன்னும் மோசம்.

காரணம், பொருளே வேற. நீலமும் பச்சையும் இண்டியம் காலியம் நைட்ரைடு. சிவப்பு, அலுமினியம் இண்டியம் காலியம் பாஸ்ஃபைடு. எலக்ட்ரான்கள் ஒரு பள்ளத்துக்குள்ள சிக்கினாத்தான் ஒளி வரும். சிவப்புல அந்தப் பள்ளம் ஆழம் கம்மி. சின்னப் பாத்திரத்துல பால் பொங்குற மாதிரி, சூடானா வழிஞ்சு வீணாகும்.

இதுல பேராசை வேற. 350 மில்லிஆம்பியருக்குச் செஞ்ச எல்இடியில 700 அனுப்புறாங்க. கடையில ஆன் பண்ணிக் காட்டும்போது பளிச்சுனு இருக்கும். ஆனா கரண்ட் இருமடங்கானா வெளிச்சம் இருமடங்காகாது, மிச்சமெல்லாம் சூடு. ஹீட் சிங்க் சரியில்லன்னா, ஒரு கட்டத்துக்கு மேல கரண்டைக் கூட்டக் கூட்ட சிவப்பு குறையவே செய்யும்! ஆறினா திரும்பி வரும். தினமும் இப்படி வாட்டினா நிரந்தரமா மங்கும்.

நம்ம ஊர் வெயிலும் சும்மா விடாது. பக்கத்து நுங்கம்பாக்கத்துல 2003 மே மாசம் 45 டிகிரி பதிவாச்சு. அந்தக் காத்து எதைக் குளிர வைக்கும்?

நல்ல லைட்டுகள்ல வெப்ப சென்சார் இருக்கும். சிவப்பு குறைஞ்சா மத்த ரெண்டையும் இறக்கி நிறத்தைக் காப்பாத்தும். நம்ம பட்ஜெட்டுக்கு ஒரு சோதனை போதும். லைட்டை வெள்ளையில வச்சு, ஒரு வெள்ளைத் தாளை போன்ல எடுங்க. எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் ரெண்டையும் லாக் பண்ணிட்டு. 20 நிமிஷம் கழிச்சு மறுபடி எடுங்க. தாள் நீலமாச்சுன்னா வேற லைட் கேளுங்க. அதே லைட்டுதான் கிடைக்கும்னா, நல்லா சூடான பிறகே வொயிட் பேலன்ஸ் வைங்க. பிரைட்னஸை 60 சதவீதத்துக்கு இறக்குங்க. சிங்க் சவுண்டுக்காக ஃபேனை மட்டும் நிறுத்திடாதீங்க, லைட்டைத் தள்ளி வைங்க.