ஊர்ப்பெயர் உள்ள பல்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற திங்களில் செம்பூரில் நம் சங்க அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கூடத்துச் சுவரில், முன்னோர் படங்களுக்கு அருகே, கண்ணாடிச் சட்டத்தினுள் கல்லாய் மாறிய சிறு பல் ஒன்று விளங்கிற்று. ‘டைனோசர் பல்’ என்பதன்றி வேறோர் எழுத்தும் அதன்கீழ் இல்லை. “இஃது எந்த ஊரில் கிடைத்தது, தம்பி?” என்று அவ்வீட்டுச் சிறுவனை வினவினோம், விழித்தான். அருகிலிருந்த பெரியவர் படத்தைக் காட்டி, “இவர் எந்த ஊர்?” என்றோம். அதற்கும் விழித்தான். அவன் தந்தையாரும் சற்றே தயங்கினார். அத்தயக்கமே இவ்வுரைக்கு வித்தாயிற்று.

ஊர்ப்பெயர் உள்ள பல் ஒன்றைப் பற்றிக் கூறுவோம். அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்பது ஒரு சிற்றூர். அங்குள்ள ஏறத்தாழ 7 கோடி ஆண்டுத் தொன்மையுடைய படிவுகளிற் கிடைத்த ஒற்றைப் பல்லை, கோசுவாமி, பிரசாத் முதலிய அறிஞர்கள் 2013-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். அதன் விளிம்பில், மரமறுக்கும் வாளின் பற்களைப்போல், பெரிய கூர்கள் நுனிநோக்கி வளைந்திருந்தன. அவற்றைக் கொண்டு, அது ட்ரூடாண்டிட் என்னும் சிறிய வேட்டை டைனோசர்க் குடும்பத்தைச் சார்ந்தது என முடிவு கூறினர்.

இதில் வியப்பென்ன? அக்குடும்பம் அதுகாறும் வடபுல நிலங்களிலேயே அறியப்பட்டிருந்தது. அக்காலத்து இந்தியாவோ, ஆசியாவோடு இணையாது, கடல் சூழ வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இவ்வினம் பண்டே எங்கும் பரவியிருந்ததோ, பின்னர்க் கடல் கடந்து குடியேறியதோ என்னும் பெருவினாவை அச்சிறு பல் எழுப்பிற்று. கல்லமேடு என்னும் பெயர் அதனோடு இல்லையேல், அப்பல் ஊமையாகவே இருந்திருக்கும்!

அதே கல்லமேட்டில் பேருருவம் படைத்த டைனோசர் ஒன்றின் எலும்புகளும் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி ஆகிய அறிஞர்கள் அதற்குப் ‘பிருகத்காயசாரஸ்’ எனப் பெயரிட்டனர். அவ்வெலும்புகளோ, பேணிக் காப்பதற்குள் சிதைந்து மண்ணாயின. ஆயினும், இடத்தையும் அளவையும் அவர்கள் எழுதி வைத்தமையால் இன்றும் அதுகுறித்து ஆய்வு நிகழ்கின்றது. பொருள் அழிந்தது; எழுத்து நின்றது.

நாம் வாழும் மும்பையும் தொன்மையில் குறைந்ததன்று. அந்தேரியிலுள்ள கில்பர்ட் குன்று பல கோடி ஆண்டுகட்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உருவானது. கல்லுக்கும் பல்லுக்கும் வரலாறு எழுதுகின்றனர் அறிஞர். நம் பாட்டன்மார்க்கு எழுதுவோர் யார்?

திருநெல்வேலிச் சீமையினின்று வந்து தாராவியில் தோல் பதனிட்டோர் நம்மவர். மாதுங்காவில் குடியேறி அலுவலகங்களிற் பணிபுரிந்தோரும் நம்மவரே. அவர்தம் படங்கள் நம் சுவர்களில் உள்ளன. ஊர்ப்பெயர்கள் முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே உள்ளன. அந்நினைவு எத்துணை நாள் நிற்கும்?

ஆதலின், அன்பர்களே! இன்றிரவே அப்படங்களைச் சுவரினின்று இறக்குங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெயர், பிறந்த ஊர், மும்பைக்கு வந்த ஆண்டு, செய்த தொழில் ஆகிய நான்கினையும் தமிழில் எழுதுங்கள். எழுதுகோலைப் பிள்ளைகள் கையிற் கொடுங்கள். பெரியோர் அருகமர்ந்து சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் அச்சிறுவனை மீண்டும் வினவுவோம். அவன் விழியாது விடை பகர்வான் என நம்புகின்றோம்.