ஹென்றி ஃபோண்டாவின் மூன்று படங்கள்



ஹாலிவுட் நடிகர் ஹென்றி ஃபோண்டா நடித்த பழைய படங்களைப் பற்றிச் சிறிது பேசுவோம். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், டீக்கடைச் சரக்கல்ல! 1905இல் பிறந்து 1982இல் மறைந்த நல்ல நடிகர்.

1940இல் வந்தது 'கோபத்தின் கனிகள்'. ஸ்டீன்பெக்கின் நாவல், படமாக்கியவர் ஜான் ஃபோர்ட். ஓக்லஹோமாவில் புழுதிக் காற்று பயிரை அழித்துவிட்டது. குத்தகைக் குடியானவர்களை நிலக் கம்பெனி வெளியேற்றுகிறது. குடிசையை இடிக்க டிராக்டர் வருகிறது. துப்பாக்கியோடு நிற்கிறான் குடியானவன். டிராக்டர் மேல் யார்? அக்கம்பக்கத்துப் பையன்! தினக்கூலி மூன்று டாலர், வீட்டில் இரண்டு குழந்தைகள். யாரைச் சுடுவது?

பிழைக்க வழி தேடிக் கலிஃபோர்னியா போகிறது ஜோட் குடும்பம். மகன் டாம்தான் ஃபோண்டா. பழத்தோட்டத்துக்குள் போலீஸ் காவலோடு அழைத்துப் போகிறார்கள். வாசலில் ஒரு கூட்டம் கத்துகிறது. ஏனென்று இவர்களுக்குத் தெரியாது. பெட்டிக்கு ஐந்து சென்ட் கூலி. அன்று இரவு டாம் வெளியே நழுவிப் போய்த்தான் அறிகிறான்: கத்தியவர்கள் இரண்டரை சென்ட்டை ஏற்க மறுத்து வேலை நிறுத்தம் செய்தவர்கள். அப்படியானால் உள்ளே பழம் பறிப்பவர்கள்? கருங்காலிகள்! நிறுத்தம் முறிந்தால் இவர்களுக்கும் இரண்டரைதான்.

உடனே டாம் வீரவசனம் பேசிவிடவில்லை, தோழர்களே. இன்று ராத்திரி கறி சாப்பிட்டோம், பிறருக்காக அப்பா அதை விடுவாரா என்று கேட்கிறான். இதுதான் நமக்கு மிகவும் பிடித்த இடம். பட்டினி கிடந்தவன் இப்படித்தான் பேசுவான். சற்று நேரத்தில் வேலை நிறுத்தத் தலைவன் கேஸி, கண்ணெதிரே அடித்துக் கொல்லப்படுகிறான்.

ஒரு குறை. நாவல் மழை வெள்ளத்திலும் பசியிலும் முடிகிறது. படமோ நடுவில் வரும் அரசாங்க முகாமைக் கடைசிக்குத் தள்ளி, ஆறுதலாக முடித்துவிட்டது. தயாரிப்பாளருக்கு வேறென்ன வேண்டும்!

1957இன் '12 ஆங்ரி மென்' படத்தில் ஜூரிகள் 11 பேர் ஒரு பையனை மின்சார நாற்காலிக்கு அனுப்பத் துடிக்கிறார்கள். ஃபோண்டா ஒருவர் மறுக்கிறார். விறுவிறுப்பான படந்தான். ஆனால் ஒருவர் பேச்சில் பதினொருவர் மாறுவது நமக்குக் கொஞ்சம் சுளுவாகவே படுகிறது.

1943இன் 'ஆக்ஸ்-போ' படம் அப்படியல்ல. வதந்தியை நம்பிய கும்பல் மூன்று நிரபராதிகளைத் தூக்கிலிடுகிறது. எதிர்த்தவர்கள் ஏழே பேர். ஃபோண்டாவால் தடுக்க முடியவில்லை. 1919இல் ஓமஹா நகரில் வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியைக் கும்பல் கொன்றதை, தந்தையின் அச்சகத்திலிருந்து நேரில் கண்ட சிறுவன் இவர். கடைசியில், இறந்தவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஃபோண்டா சாராயக் கடையில் படிக்கிறார். கொன்றவர்கள் தலை குனிந்து கேட்கிறார்கள். அந்த விதவைக்கு அவர்களே வசூலித்துத் தந்த தொகை ஐந்நூறு டாலர்.