ஏடும் மண்வெட்டியும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில், 1984-85ஆம் கல்வியாண்டில் தொடங்கப்பெற்ற அரசு வேளாண்மைக் கல்லூரி இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதன் பண்ணையைக் காண நம் பள்ளி மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தோம். கல்லூரி மாணவர்களும் மாணவியரும் சேற்றில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தனர். நம் பிள்ளைகள் வேடிக்கை பார்த்து நிற்க, ஒருவன் மட்டும் வரப்பில் ஒதுங்கி நின்றான். அருகழைத்துக் காரணம் வினவினோம். "ஐயா, இந்தச் சேற்றிலிருந்து கரையேறத்தானே எங்கள் அப்பா என்னைப் படிக்க வைக்கிறார்?" என்றான்.

அன்று அவனுக்கு விடை கூற நம்மால் இயலவில்லை. இன்று இம்மேடையில் கூற விழைகின்றோம்.

அவனது கேள்வி நியாயமானது. தாமிரபரணி கடலோடு கலக்கும் இப்பகுதியில் நெல்லும் வாழையும் வெற்றிலையும் செழிக்க நம் முன்னோர் சிந்திய வியர்வை கொஞ்சமன்று. உழைப்பு நம்முடையது, நிலமோ பிறருடையது. கூலியும் பிறர் வகுத்ததே. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி வேளை பள்ளியிலும் மீதி வேளை பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. 'குலக்கல்வி' என்று பெரியார் உள்ளிட்டோர் அதனை எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் கூலியாளின் மகன் கூலியாளாகவே நின்றிருப்பான்.

அங்ஙனமாயின், பண்ணையில் மாணவர் செய்வதும் அதே வேலைதானே என்று கேட்கலாம். வேலை ஒன்றுதான், நிலை வேறு. அங்கே எவரும் பிறப்பினால் சேற்றில் இறங்கவில்லை. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று நடுகின்றனர். செய்வதன் காரணத்தையும் கூடவே கற்கின்றனர்.

அன்று கண்ட ஒரு பாடத்தைக் கூறுவோம். ஒரு தொட்டித் தண்ணீரில் புதிய கோழிமுட்டை ஒன்றை இட்டனர். அது அடியில் கிடந்தது. உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கக் கரைக்க முட்டை மேலெழுந்து மிதந்தது. முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டினர். பதரும் அரைமணியும் மிதந்தன. திரண்ட மணிகள் அடியில் தங்கின. மிதந்தவற்றை நீக்கி, நல்ல விதையை நன்னீரில் இருமுறை அலசி எடுத்தனர். வகுப்பறையில் 'அடர்த்தி' என்று நாம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்வித்த பாடம் அங்கே தொட்டிக்குள் மிதந்தது! உப்பளம் நிறைந்த மாவட்டத்தில் பிறந்தும், உப்பு விதையைத் தரம் பிரிக்கும் என்பதை நம் மாணவர் அன்றுதான் கண்டனர். ஒதுங்கி நின்ற பையனும் தன்னையறியாமல் தொட்டியருகே வந்திருந்தான்.

கடல் கடந்தும் இக்கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுக்காகப் புக்கர் வாஷிங்டன் 1881இல் டஸ்கீகி கல்விக்கூடத்தை அமைத்தார். மாணவர் தாமே செங்கல் அறுத்துக் கட்டடம் எழுப்பினர், பயிரிட்டு உண்டனர். அடிமைக் குடியிற் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் அங்கு ஆசிரியராகி, பருத்தியால் சத்திழந்த மண்ணில் நிலக்கடலையும் பயறும் பயிரிட்டு அதனை மீட்கும் வழியை உழவர்க்குக் கற்பித்தார். எனினும், கைத்தொழிலோடு நின்றுவிட்டால் உயர்கல்வியும் அரசியல் உரிமையும் கைக்கெட்டா என்று அறிஞர் டுபாய்ஸ் 1903இல் கண்டித்து எழுதினார். இருவர் கூற்றும் நமக்கு வேண்டும். கருத்தில்லாக் கைவேலை அடிமைத்தனம். கைவேலை அறியாக் கல்வி அரைக்கல்வி.

கிள்ளிகுளம் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி உழவரோடு பணியாற்றிக் கற்கின்றனர். மண் மாதிரி எடுக்கவும் விதை நேர்த்தி செய்யவும் உழவர்க்குக் காட்டுகின்றனர். அவரது அனுபவத்தையும் குறித்துக்கொள்கின்றனர். அவ்வாறு வருவோரை நம் தெருவிற்கும் அழையுங்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணறிந்த நம் பெரியவர்களிடம் அவர்கள் கேட்டெழுதத் தக்கவை பல உண்டு. நாள் முழுதும் வயலில் நிற்கும் நம் தாய்மார்களும் ஆசிரியரே.

மாணவச் செல்வங்களே! மேல்நிலைத் தேர்வில் அறிவியற் பாடம் பயின்றோர் வேளாண்மைப் பட்டப்படிப்பிற்கும் விண்ணப்பியுங்கள். ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காட்டு இடங்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் அமர வேண்டும். மண்ணின் ஆய்வை அறிந்தவன் நிலத்தின் பட்டாவையும் படிப்பான். 1892இல் நம்மவர்க்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பல கைமாறிப்போனதை மறவாதீர்கள்.

அந்தப் பையனுக்கு நாம் கூறும் விடை இதுவே: தம்பி, உன் தந்தை உன்னை மீட்க விரும்பியது சேற்றிலிருந்து அன்று, ஏவலிலிருந்து. ஏவலுக்கு இறங்கிய சேறு வேறு. அறிவோடு நீ விரும்பி இறங்கும் சேறு வேறு. கரையேறும் உரிமை கையில் இருக்கும்போது இறங்குவதில் இழிவில்லை.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!